முடியட்டும் என்று மூடி வைத்தால் கரையான்தான் படிக்கும்!

பாதியில் நின்ற கதை, விடை எழுதாத கணக்கு, வரி அழிந்த ஏடு... இவற்றை ஊருக்குக் காட்டலாமா, கூடாதா? உ.வே.சா., ராமானுஜன், கல்கி ஆகியோரின் அனுபவம் சொல்லும் பதில் இது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் ஒன்று நாச்சியாபுரம். இந்தப் பகுதியின் பெரிய வீடுகள் பலவற்றில் ஆண்டு முழுக்க ஆள் இருப்பதில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று விசேஷம் வந்தால் கதவு திறக்கும். விசேஷம் முடிந்தால் மறுபடி பூட்டு.

பூட்டிய வீட்டுப் பெட்டிகளில் பித்தளைப் பாத்திரங்களோடு காகிதங்களும் தூங்குகின்றன. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்த காலத்துக் கடிதங்கள், கணக்குப் பேரேடுகள், கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம், சீர் சாமான் பட்டியல்கள். இவற்றுக்கு நடுவே வேறொரு வகை நோட்டும் இருக்கும். ஐயா எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்ட வாழ்க்கைக் கதை. ஆச்சி அளவு எழுதாமல் விட்ட பலகாரக் குறிப்பு. கல்லூரி நாள்களில் யாரோ எழுதித் தொடராமல் போன கவிதைகள். செட்டிநாடு என்றில்லை, இப்படி ஒரு நோட்டு இல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு.

"அதை எடுத்துக் காட்டுங்களேன்" என்றால் வரும் பதிலும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "இன்னும் முடியல. முடிச்சிட்டுக் காட்டுறேன்." சிலர் வெட்கத்தில் சொல்வார்கள். சிலருக்குக் கண் பட்டுவிடும் என்ற பயம். இன்னும் சிலருக்கு, தப்பு இருந்தால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற கவலை. எழுதியவர் காலமாகிவிட்டால், அந்த நோட்டு என்ன என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

இந்த வெட்கமும் பயமும் நம் பெரியவர்களுக்கும் இருந்திருந்தால்? தமிழுக்கு இன்று கிடைத்திருக்கும் பல பொக்கிஷங்கள் கிடைக்காமலே போயிருக்கும்!

புள்ளி வைத்த பக்கங்கள்

சிவகங்கை மாவட்டத்தில்தான் மகிபாலன்பட்டியும் இருக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் ஊராக அறியப்படும் இடம் இது. அவர் பாடிய புறநானூற்றின் 192-ஆம் பாட்டைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. உலக மேடைகள் வரை ஒலித்த பாட்டு அது. ஆனால், அந்தப் பாட்டு நம் கைக்கு வந்த புத்தகம் ஒரு முழுமையான புத்தகமா என்றால், இல்லை.

புறநானூறு 400 பாடல்களின் தொகுப்பு. அதில் 267, 268-ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் முதல் வரி இல்லை, நடுவில் சொற்கள் இல்லை, முடிவு இல்லை. ஓலைச்சுவடியைச் செல்லரித்திருந்தது, அல்லது ஓலையே முறிந்திருந்தது. இந்த நிலையில்தான் உ.வே.சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார்.

அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. விடுபட்ட வரிகள் எங்காவது ஒரு சுவடியில் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். அல்லது, இருப்பதை இருக்கிறபடியே வெளியிடலாம். இரண்டாவது வழியைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். புறநானூற்றைத் திறந்து பார்த்தால் இன்றும் சில பாடல்களில் சொற்களுக்குப் பதில் புள்ளிகள் வரிசையாக இருக்கும். 'இங்கே ஏதோ இருந்தது, கிடைக்கவில்லை' என்பதற்கான அடையாளம் அது. ஒரு சுவடியில் ஒரு சொல்லும் இன்னொன்றில் வேறு சொல்லும் இருந்தால், அந்த வேறுபாட்டையும் குறித்துக் காட்டும் பழக்கம் அவருக்கு இருந்தது.

புறநானூறு மட்டுமல்ல. 1904-ல் அவர் பதிப்பித்த பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. 1918-ல் வந்த பரிபாடல் 70 பாடல்கள் கொண்டதாகச் சொல்லப்பட்ட நூல். முழுதாகக் கிடைத்தவை 22 மட்டுமே. 1924-ல் வந்த பெருங்கதைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எல்லாம் கிடைத்த பிறகு அச்சிடலாம் என்று அவர் காத்திருந்தால், இவற்றில் ஒன்றுகூட வெளிவந்திருக்காது. அந்தப் பாடல்களின் மிச்சம் இன்றுவரை கிடைக்கவில்லையே!

காத்திருக்க முடியாததற்குக் காரணமும் இருந்தது. பழைய ஏடுகளை ஆற்றில் விடுவதும் நெருப்பில் போடுவதும் அந்தக் காலத்தில் பல ஊர்களில் நடந்தது. சுவடி தேடிப் போன இடங்களில் இதை நேரில் கேட்டு மனம் நொந்ததை அவர் தன் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வோர் ஆண்டு தாமதமும் சில சுவடிகளின் ஆயுளைக் குடித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறையோடு வெளியிடுவது வேறு, அக்கறை இல்லாமல் வெளியிடுவது வேறு. கிடைத்த சுவடிகளை எல்லாம் ஒப்பிட்டு, தெரிந்ததைத் திருத்தமாகச் செய்து, தெரியாத இடத்தில் மட்டும் புள்ளி வைத்தார் உ.வே.சா. சீவக சிந்தாமணியை 1887-ல் வெளியிட்டவர், மறுபதிப்புகளில் அதைத் திருத்திக்கொண்டே போனார். முதல் பதிப்பு வந்ததோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை.

நிரூபணம் இல்லாத கடிதம்

ஏடுகளில் இருந்த குறை காலம் செய்த குறை. எழுதியவரே முடிக்காமல் வைத்ததைக் காட்டினால் என்ன ஆகும்? அதற்குக் கும்பகோணத்தில் வளர்ந்த ஒரு கணித மேதையின் கதை இருக்கிறது.

சீனிவாச ராமானுஜன் பெரும்பாலும் கணக்கைச் சிலேட்டில் போட்டுப் பார்ப்பார். காகிதத்துக்குக் காசு வேண்டுமே! வழிமுறையை அழித்துவிட்டு, கிடைத்த முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். அதனால் அந்த நோட்டுகளில் ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் இருந்தன, ஆனால் 'இது எப்படி வந்தது' என்ற விளக்கம் பெரும்பாலும் இல்லை. கணிதத்தில் நிரூபணம் இல்லாத முடிவு என்பது, தாலி கட்டாத கல்யாணம் மாதிரி. யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியும் அவர் காட்டினார். 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கேள்வியை வெளியிட்டார். ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் கணக்கு. ஆறு மாதங்கள் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே விடை தந்தார். அந்த விடை 3. அவர் தந்த விளக்கத்திலும் நிரூபிக்கப்படாத இடம் ஒன்று இருந்தது.

அடுத்து, 1913 ஜனவரி 16-ல் சென்னைத் துறைமுக அலுவலக குமாஸ்தாவாக இருந்தபடி, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி.எச்.ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கூடவே பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். நிரூபணம் இல்லை. வேறு பேராசிரியர்களுக்கு அனுப்பியபோது பலன் கிடைக்கவில்லை. ஹார்டிக்கு அனுப்பியவற்றிலும் எல்லாம் சரியானவை அல்ல. பகா எண்கள் பற்றி அவர் சொன்ன சில முடிவுகள் தவறு. ஆனாலும், தவறுகளையும் தாண்டி அந்தத் தாள்களில் இருந்த ஒளியை ஹார்டி கண்டுகொண்டார். 1914-ல் ராமானுஜன் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார்.

எல்லாவற்றுக்கும் நிரூபணம் எழுதி, ஒரு தப்பும் இல்லாமல் சரிபார்த்த பிறகுதான் அனுப்புவேன் என்று அவர் இருந்திருந்தால்? அவருக்கு அவ்வளவு காலம் கொடுக்கப்படவில்லை. 1920 ஏப்ரல் 26-ல் இறந்தபோது அவருக்கு வயது 32.

இறப்பதற்கு மூன்று மாதங்கள் முன்பு, நோய்ப் படுக்கையில் இருந்தபடி ஹார்டிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். 'மாக் தீட்டா' என்று தான் பெயரிட்ட புதுவகைச் சார்புகளைப் பற்றிய கடிதம் அது. உதாரணங்கள் இருந்தன, முழுக் கோட்பாடு இல்லை. அந்தக் காலத்தில் அவர் எழுதிய தாள்கள் கைமாறிக் கைமாறி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 'தொலைந்த நோட்டு' என்று உலகம் அழைப்பது இதைத்தான். மாக் தீட்டாவின் உட்பொருளை 2002-ல் சாண்டர் ஸ்வேகர்ஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் தெளிவாக்கினார். கடிதம் போட்டு 82 ஆண்டுகள் கழித்து!

ராமானுஜனின் பழைய நோட்டுகளில் இருந்த முடிவுகளுக்கு நிரூபணம் தேடி புரூஸ் பெர்ண்ட் ஐந்து தொகுதிகள் எழுதினார். அந்த வேலை 1985 முதல் 1998 வரை வெளிவந்தது. ஒருவர் முடிக்காமல் விட்டது, பல தலைமுறைகளுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் என்ன ஆகும்?

கணிதம், ஏடு என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று தோன்றலாம். முடியாத படைப்பை ஊரோடு பகிர்வது வாரப் பத்திரிகை வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதற்குப் பெயர் தொடர்கதை.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்தது. வந்தியத்தேவனுக்கு என்ன ஆகும் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் வரவிருந்த அத்தியாயங்கள் எழுதப்படாமலே இருந்தன. உ.வே.சா.வும் முதுமையில் தன் வாழ்க்கைக் கதையை இப்படித்தான் சொன்னார். 'என் சரித்திரம்' 1940-ல் ஆனந்த விகடனில் தொடங்கியது. 1942 ஏப்ரல் 28-ல் அவர் மறைந்ததால், 122 அத்தியாயங்களோடு நின்றது. அவருடைய கடைசி 40-க்கும் மேற்பட்ட ஆண்டுகள் அதில் இல்லை. ஆனாலும், 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டைத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் முதலில் கையில் எடுப்பது அந்த முடியாத புத்தகத்தைத்தான்.

பாரதியார் 1921-ல் மறைந்தபோது 'சந்திரிகையின் கதை' பாதியில் நின்றது. இன்றும் பாதிக் கதையாகவே படிக்கிறோம். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது 'அமர தாரா' முடியவில்லை. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். குறிப்புகள் இருந்ததால் மகளால் தொடர முடிந்தது. அப்பா எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே வைத்திருந்தால், மகள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?

உங்கள் கையில் இருப்பதும் அப்படித்தான்!

இதை நீங்கள் ஆண்ட்ராய்டு போனில் படிக்கிறீர்களா? அப்படியானால், முடியாமல் ஊருக்குக் காட்டப்பட்ட ஒரு வேலை உங்கள் கையிலேயே இருக்கிறது. 1991 ஆகஸ்ட் 25-ல் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தான் ஒரு கணினி இயங்குதளம் செய்துகொண்டிருப்பதாக மற்ற ஆர்வலர்களிடம் அறிவித்தார். பொழுதுபோக்குக்காகச் செய்வதுதான், பெரிதாக வராது என்று தயங்கித் தயங்கிச் சொன்னவர், அதில் என்னென்ன வேண்டும் என்று யோசனையும் கேட்டார். யோசனை சொல்ல வந்தவர்கள் எழுதவும் ஆரம்பித்தார்கள். அதுதான் லினக்ஸ். ஆண்ட்ராய்டு போன்களின் அடித்தளம் அதுவே.

தமிழிலும் இதே காலத்தில் இதே போன்ற வேலை நடந்தது. 1998 பொங்கல் அன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்', தமிழ் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றி இலவசமாகத் தருகிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கு.கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தட்டச்சு செய்தார்கள். அன்று தமிழுக்கு எல்லோருக்கும் பொதுவான எழுத்துரு முறையே பழக்கத்துக்கு வரவில்லை. ஒரு கணினியில் தெரிவது இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதெல்லாம் சரியாகட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இருந்த முறையில் வெளியிட்டார்கள். யூனிகோடு வந்த பிறகு அதற்கு மாற்றிக்கொண்டார்கள்.

தமிழ் விக்கிமூலத்தில் இன்னும் வெளிப்படையாகவே இதைப் பார்க்கலாம். ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தின் பக்கம் ஒரு பக்கம், தட்டச்சு செய்த எழுத்து மறுபக்கம். இன்னும் மெய்ப்பு பார்க்காத பக்கத்துக்குச் சிவப்பு நிறம். ஒருவர் பார்த்துத் திருத்தினால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. எந்தப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்று நிறமே சொல்லிவிடும். உ.வே.சா. வைத்த புள்ளிக்கும் இந்த நிறத்துக்கும் வேலை ஒன்றுதான். இல்லாததை இல்லை என்று சொல்லிவிடுவது.

கோட்டையூர்க்காரர் சேர்த்த காகிதங்கள்

பகிர்ந்தால் மட்டும் போதுமா, வாங்கி வைக்க ஆள் வேண்டாமா? செட்டிநாட்டில் அப்படி ஒருவர் இருந்தார். காரைக்குடி அருகே கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதையும் அவர் சேர்த்தார். புத்தகம், பத்திரிகையோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று ஒரு லட்சம் அளவுக்கு அந்தச் சேகரிப்பு வளர்ந்தது. 1992-ல் அவர் மறைந்த பிறகு, 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. சேகரிப்பு கடல் தாண்டாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நாடக நோட்டீஸ் ஒன்று வரலாற்று ஆவணம் ஆகும் என்று அதை அச்சடித்தவர் நினைத்திருப்பாரா? உங்கள் வீட்டு நோட்டின் மதிப்பும் இன்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

எதைக் காட்டக் கூடாது?

எல்லாவற்றையும் உடனே போனில் படம் எடுத்துப் போட்டுவிடலாம் என்று அர்த்தம் இல்லை. சில இடங்களில் நிதானம் வேண்டும்.

கடிதம் உங்கள் பெட்டியில் இருந்தாலும், அதன் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்தான். இந்தியச் சட்டப்படி எழுதியவரின் வாழ்நாளுக்குப் பிறகும் அந்த உரிமை நீடிக்கும். பழைய கடிதங்களில் கடன், நோய், மனஸ்தாபம், சொத்துத் தகராறு எல்லாம் இருக்கும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது என்றால் அவர்களைக் கேட்காமல் வெளியிடுவது நியாயமே இல்லை.

"என் கதையை யாராவது திருடிவிட்டால்?" என்ற பயம் பலருக்கு உண்டு. நீங்கள் எழுதிவைத்த எழுத்துக்கு, எழுதிய உடனேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. தேதியோடு வெளியிட்ட எழுத்து, 'முதலில் எழுதியது நான்' என்பதற்கு ஒரு சான்றாகவும் உதவும். ஆனால், கதையின் கருவுக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது. அதேபோல், புதுக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் வெளியில் சொல்லாதீர்கள். 'புதியது' என்ற தகுதியே போய்விடக்கூடும்.

பள்ளிப் பிள்ளைகளின் ஓவியம், கவிதை என்றால், அவர்கள் சம்மதம் இல்லாமல் பெற்றோர் பெருமைக்காகப் போட வேண்டாம். பாதிப் படைப்பைப் பார்த்துக் கேலி செய்ய நாலு பேர் இருப்பார்கள். முதலில் நம்பிக்கையான இரண்டு, மூன்று பேரிடம் காட்டுவது நல்லது. ராமானுஜனும் சரியான ஆளிடம் போய்ச் சேரும்வரை சில கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது.

எப்படித் தொடங்கலாம்?

* முடியவில்லை என்று எழுதுங்கள். 'இது வரைவு', 'இந்த அளவு சரியாகத் தெரியவில்லை', 'இங்கே இரண்டு பக்கம் கிழிந்துவிட்டது' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். ஊகத்தில் நிரப்பி, அதை மூலம்போல் காட்டாதீர்கள்.

* தேதியும் பெயரும் அவசியம். எழுதியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, நோட்டு யாரிடமிருந்து வந்தது என்று குறித்துவிடுங்கள். இன்று உங்களுக்குத் தெரிந்தது, பேரப்பிள்ளைக்குத் தெரியாது.

* கேள்வியாகக் கேளுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்று ஒரு வார்த்தைதான் வரும். "ஆச்சி எழுதிய மாவு பக்குவத்தில் 'ஒரு உழக்கு' என்பது எத்தனை டம்ளர்?" என்று கேட்டால், தெரிந்த பெரியம்மா பதில் சொல்வார்.

* பழைய நோட்டைப் பத்திரமாகப் படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். ஓரக் குறிப்பும் தெரியும்படி முழுப் பக்கமும் வரட்டும். பக்க வரிசை மாறக் கூடாது. கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். படம் எடுத்த பிறகு மூல நோட்டைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது.

* திருத்தினால் சொல்லுங்கள். யாராவது பிழை காட்டினால் நன்றியோடு மாற்றிவிட்டு, எப்போது மாற்றினீர்கள் என்றும் குறியுங்கள்.

முடியாத நோட்டுகள் எல்லாம் ராமானுஜன் நோட்டு ஆகிவிடாது. பெரும்பாலானவை ஒரு குடும்பத்துக்கு மட்டுமே முக்கியமாக இருக்கும். ஆச்சி கையெழுத்தில் ஒரு பலகாரக் குறிப்பு, வெளிநாட்டில் இருக்கும் பேத்தியின் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்ந்தால், அதுவே போதுமான பயன்தானே? அவள் ஒரு தடவை செய்து பார்த்து, விடுபட்ட அளவை எழுதிச் சேர்த்தால் குறிப்பு முழுமையாகிவிடும். அதற்கு ஆச்சி இருக்கும்போதே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

புறநானூற்றில் 266-ஆம் பாட்டுக்கு அடுத்து 269 இருக்கிறது. நடுவில் இருந்த இரண்டு பாடல்களைப் பாடியவர் யார், யாரைப் பாடினார் என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. உங்கள் வீட்டு நோட்டில் விட்டுப்போன இடங்களை நிரப்பத் தெரிந்தவர்கள் ஒருவேளை இன்னும் இருக்கலாம். இந்த வாரம் அதை எடுத்து அவர்களிடம் காட்டுங்கள்.